ஒரே டைம்அவுட், இரண்டு காரணங்கள்

"பக்கம் வரவில்லை. மறுபடி அழுத்தினால் வருகிறது." எங்கள் சேவையைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து வந்த முதல் புகார் இவ்வளவுதான். இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால் ஏழு வாரம் அலைந்தேன். முழுதாக நின்றுபோன சர்வரை எழுப்புவது இதைவிட எளிது. எங்கே நின்றது என்று கண்ணுக்குத் தெரியும். விட்டுவிட்டு வரும் பிழையோ, நாம் பார்க்கும்போது இருப்பதில்லை. நாம் ஏதோ ஒன்றை மாற்றிய மறுநாள் தானாகவே அடங்கி, மாற்றியதுதான் மருந்து என்று நம்ப வைத்துவிடும். அப்படி நான் மூன்று முறை நம்பினேன்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தரவுத்தளத்துக்கு முன்னால், அடிக்கடி கேட்கப்படும் தரவை நினைவகத்தில் வைத்து உடனே எடுத்துத் தரும் கேஷாக ஒரு ரெடிஸ் கிளஸ்டர், அதாவது சேர்ந்து இயங்கும் ரெடிஸ் சர்வர்களின் கூட்டம். அந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட். மூன்று முதன்மை நோட்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல். அவற்றிடம் கேட்கும் அப்ளிகேஷன் சர்வர்கள் எட்டு. ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு நோடுக்கும் 50 இணைப்புகளைத் திறந்து தயாராக வைத்திருக்கும். 200 மில்லிநொடிக்குள் பதில் வராவிட்டால் டைம்அவுட் என்று லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) ஒரு வரி விழும். அந்த வரிகள்தான் நாளுக்குச் சில நூறு வந்துகொண்டிருந்தன.

முதலில் செய்ததெல்லாம் அவசரத்தில் செய்தவை. 200 மில்லிநொடியை 2 நொடியாக உயர்த்தினோம். பிழைகள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. எல்லோருக்கும் நிம்மதி. ஒரு வாரத்தில் புகாரின் சொற்கள் மாறின: "வரவில்லை" போய், "மிகவும் மெதுவாக வருகிறது" வந்தது. பிழையை அழிக்கவில்லை, காத்திருப்பாக உருமாற்றியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஐந்தில் ஒரு பங்கிலேயே பாதி விடை இருந்தது என்பதையும் பின்னால்தான் உணர்ந்தேன். 2 நொடி காத்திருந்தால் மறைந்துவிடும் பிழைகள் தாமதமாகவாவது பதில் வருபவை. அப்போதும் மிஞ்சுபவை பதிலே வராதவை. இரண்டும் வேறு வேறு நோய்கள். கையில் கிடைத்த அந்தப் பிரிவினையை, எண்ணிக்கை குறைந்த மகிழ்ச்சியில் தவறவிட்டேன்.

அடுத்து மறுமுயற்சி. ஒரு கோரிக்கை தோற்றால் மூன்று முறை முயலும்படி எழுதினோம். ஆனால் மேலே இருந்த சேவையும் ஏற்கெனவே மூன்று முறை முயன்றுகொண்டிருந்தது. அதற்கும் மேலே இருந்த நுழைவாயில் இன்னொரு மூன்று. பெருக்கிப் பார்த்தால் 27. ஒரு நோட் திணறும் நேரத்தில், அதன் தலையில் 27 மடங்கு வேலையை நாங்களே ஏற்றத் தயாராக இருந்தோம். இன்று மறுமுயற்சியை ஒரே ஓர் அடுக்கில் மட்டும் வைத்திருக்கிறோம். அதுவும் ஒரே ஒரு முறை, சிறிது சீரற்ற இடைவெளி விட்டு.

மூன்றாவதாகச் செய்தது, அப்ளிகேஷன் சர்வர்களை மறுதொடக்கம் செய்தது. இரண்டு நாள் அமைதி. பிறகு பழைய கதை. ஏன் அந்த இரண்டு நாள் அமைதி என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுதொடக்கம் ஒரு பிழையைச் சிறிது காலம் நீக்குகிறது என்றால், சர்வர் ஓட ஓட ஏதோ ஒன்று பழையதாகிக் கெட்டுப்போகிறது என்று அர்த்தம். நினைவகமாக இருக்கலாம், இணைப்பாக இருக்கலாம், டிஎன்எஸ் (சர்வரின் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) தந்த முகவரியாக இருக்கலாம். பட்டியல் நீளமானதும் அல்ல. உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

நான்காவது வாரத்தில் நின்றேன். இனி எதையும் மாற்றுவதில்லை, பார்ப்பது மட்டும்தான் என்று குழுவிடம் சொன்னேன். டைம்அவுட்டை மீண்டும் 200 மில்லிநொடிக்கே இறக்கினேன். பிழை கூடும் என்று தெரிந்தே இறக்கியதால் மேலாளரிடம் நிறைய விளக்க வேண்டியிருந்தது. லாக் வரியில் அதுவரை இருந்தது நேரமும் பிழைச் செய்தியும் மட்டுமே. எந்த நோட், எந்த கீ (தரவு சேமிக்கப்பட்டிருக்கும் பெயர்), எந்த இணைப்பு, அந்த இணைப்பு கடைசியாக எப்போது பயன்பட்டது ஆகிய நான்கையும் சேர்த்தேன். இந்தக் கடைசித் தகவலை யாரும் சாதாரணமாக எழுதி வைப்பதில்லை. என் அனுபவத்தில் அதுதான் தங்கம்.

வரிசைப்படுத்தத் தொடங்கியதும் இன்னொரு தடை. ஒரு சர்வரின் கடிகாரம் மற்றவற்றைவிட ஏறக்குறைய 2 நொடி பின்தங்கியிருந்தது. மில்லிநொடிகளில் நடக்கும் விஷயத்தை 2 நொடி பிசகிய கடிகாரத்தோடு ஒப்பிட்டால், காரணம் விளைவுக்குப் பின்னால் போய் நிற்கும். எல்லா இயந்திரங்களும் ஒரே நேரச் சர்வரோடு இசைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதைத் தேடலின் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை நான்காம் வாரத்தில் செய்தேன்.

ஆறு நாள் லாகைத் திரட்டி, கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் அப்ளிகேஷன் சர்வர், புள்ளியின் நிறம் நோட் என்று ஒரு படம் வரைந்தேன். வரைந்து முடித்ததும் அறையில் எல்லோரும் திரையருகே வந்துவிட்டோம். இரண்டு வகைப் புள்ளிகள். ஒன்று, எட்டுச் சர்வர்களிலும் ஒரே கணத்தில் செங்குத்துக் கோடாக விழுந்தது, எல்லாம் ஒரே நிறம். மற்றது, ஒரே ஒரு சர்வரில் கிடையாக நீண்ட கோடு, பெரும்பாலும் விடியற்காலையில். பிழைச் செய்தி இரண்டுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

செங்குத்துக் கோட்டை முதலில் எடுத்தோம். எல்லாச் சர்வர்களும் ஒரே கணத்தில் ஒரே நோடிடம் தோற்கின்றன என்றால், கோளாறு நோடின் பக்கம். ஆனால் அந்த நோடின் சிபியு பயன்பாடு 12 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. கண்காணிப்புத் திரை நிமிடத்துக்கு ஒரு முறை சராசரி எடுத்துக் காட்டுவது. ஒரு நிமிடத்தில் அரை நொடி முழுதாக உறைந்து நின்றாலும் அந்தச் சராசரியில் ஒரு சதவீதம்கூட ஏறாது.

ரெடிஸ் கட்டளைகளை ஒரே த்ரெடில், ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகிறது. முன்னால் ஒரு பெரிய வேலை நின்றுவிட்டால், பின்னால் வந்த ஆயிரம் சிறிய வேலைகளும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பெரிய வேலையைப் பிடிக்க, ஒரு வரம்பைத் தாண்டி நேரமெடுத்த கட்டளைகளைக் குறித்து வைக்கும் ஸ்லோலாக் என்ற வசதி இருக்கிறது. அதைத் திறந்தால், உள்ளே சில்லறை வரிகள்தான். அதன் இயல்பான வரம்பு 10 மில்லிநொடி. எப்போதோ யாரோ ஆராய்ச்சிக்காக 1 மில்லிநொடிக்கு இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றாமல் போயிருந்தார்கள். அது இயல்பாக வைத்திருப்பது 128 வரிகள்தான். சிறிய வரிகள் வந்து வந்து, பெரியவற்றைச் சில நிமிடங்களில் வெளியே தள்ளிவிட்டிருந்தன. வரம்பை மறுபடி உயர்த்தி, கொள்ளளவை 2000 வரிகளாக்கியதும் மறுநாளே அகப்பட்டது: ஒரே ஒரு ஹாஷ் கீயின் (ஒரே பெயரின் கீழ் பல புலங்களை வைத்திருப்பது) மேல், எல்லாப் புலங்களையும் ஒரேயடியாகக் கேட்கும் எச்கெட்ஆல் கட்டளை, 400 மில்லிநொடி. அந்த ஹாஷுக்குள் ஏறக்குறைய ஆறு லட்சம் புலங்கள்.

ஸ்லோலாகைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கட்டளை நிறைவேற எடுத்துக்கொண்ட நேரத்தை மட்டுமே அது எழுதுகிறது. வரிசையில் நின்ற நேரம் அதில் சேராது. ஆகவே, பின்னால் நின்று 350 மில்லிநொடி காத்திருந்த சிறிய கெட் கட்டளை, சர்வரின் கணக்கில் சில மைக்ரோநொடிகளில் முடிந்த நல்ல கட்டளை. கேட்ட கிளையன்டின், அதாவது அப்ளிகேஷன் சர்வரின், கணக்கில் அது டைம்அவுட். சர்வர் பொய் சொல்லவில்லை, கிளையன்டும் பொய் சொல்லவில்லை. "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று கேஷ் பராமரிப்புக் குழு சொல்லிக்கொண்டே இருந்ததும், நாங்கள் அவர்கள்மேல் கோபப்பட்டதும் இதனால்தான். அவர்களிடம் நான் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன்.

அந்த ஹாஷைப் படித்தது ஓர் அறிக்கை தயாரிக்கும் நிரல். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழும், தரவில் மாற்றம் இருந்தால் மட்டும் முழுதாகப் படிக்கும். பத்து நிமிட ஒழுங்கு இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் எங்களைக் குழப்பியது இந்த நிபந்தனைதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியபோது அந்த ஹாஷில் சில ஆயிரம் புலங்களே இருந்தனவாம். எழுதியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரவு வளர்ந்தது, யாரும் அளந்து பார்க்கவில்லை.

இதற்கிடையில் நோட்களைக் கூட்டினால் சரியாகும் என்று ஒரு யோசனை வந்தது. தடுத்து நிறுத்தியதில் இன்றும் எனக்குத் திருப்தி. ரெடிஸ் கிளஸ்டர், கீயின் பெயரை சிஆர்சி16 கணக்குக்கு உட்படுத்தி, 16384 பிரிவுகளில் ஒன்றில் போடுகிறது. அந்தப் பிரிவுகளைத்தான் நோட்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு கீ எவ்வளவு பெரிதானாலும் ஒரே பிரிவில், ஒரே நோடில்தான் இருக்கும். நோட்களை முப்பதாக்கினாலும் அந்த ஆறு லட்சம் புலங்கள் முழுதாக அவற்றில் ஒன்றின் தலையில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஹாஷை 256 துண்டுகளாக உடைத்தோம். முழுதாக வேண்டும்போது எச்ஸ்கேன் மூலம் சிறிது சிறிதாகப் படிக்கச் செய்தோம். பழையதை நீக்கும்போதும் கவனம் தேவைப்பட்டது. வழக்கமாக நீக்கும் டெல் கட்டளையைக் கொடுத்திருந்தால் அதுவே நோடை உறைய வைத்திருக்கும். 4.0 பதிப்பிலிருந்து இருக்கும் அன்லிங்க், பெயரை உடனே நீக்கிவிட்டு நினைவகத்தைப் பின்னணியில் விடுவிக்கும். பெரிய கீகள் வேறு எங்காவது இருக்கின்றனவா என்று தேட, கட்டளைக் கருவியின் பிக்கீஸ் தெரிவை நகல் நோடின் மேல் ஓட்டினோம். இன்னும் இரண்டு அகப்பட்டன. இதற்காக யாரும் ஓடிக்கொண்டிருக்கும் நோடில் கீஸ் கட்டளையைத் தட்டிவிட வேண்டாம். அது எல்லா கீகளையும் ஒரே மூச்சில் நடந்து முடிக்கும் வரை நோட் வேறு யாருக்கும் பதில் சொல்லாது.

செங்குத்துக் கோடுகள் மறைந்தன. ஐந்தில் நான்கு பங்கு பிழை போய்விட்டது. "போதுமே, இதை முடித்துவிடலாமே" என்றார் மேலாளர். அவர் கேட்டது நியாயம்தான், வேறு வேலைகள் குவிந்து கிடந்தன. ஆனால் விடியற்காலையில் பயன்படுத்துபவருக்கு மட்டும் ஏன் இந்தத் துன்பம் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு வாரம் கேட்டு வாங்கினேன்.

திறவுகோலைக் கொடுத்தது குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், இந்தக் கிடைக்கோடுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கின்றனவே?" என்றார். அளந்தோம். ஒவ்வொன்றும் பதினைந்தரை நிமிடத்துக்கு அருகில். நெரிசலால் வரும் பிழைக்கு இப்படி ஒரு நிலையான நீளம் இருக்காது. எங்கோ ஒரு கடிகாரம் எண்ணி முடிக்கிறது.

லினக்ஸில் டிசிபி (வலையமைப்பில் தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) இணைப்பின் மறுபக்கத்திலிருந்து ஒப்புதல் வராவிட்டால், இயங்குதளத்தின் மையமான கர்னல் அதே பாக்கெட்டை (தரவுத் துண்டை) மறுபடி மறுபடி அனுப்பும். இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டே போய், 120 நொடியில் நிற்கும். இயல்பு அமைப்பில் 15 முறை அனுப்பிய பிறகே கைவிடும். கூட்டினால் ஏறக்குறைய 924 நொடி. பதினைந்தரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எண் பொருந்தியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் விடியற்காலை இரு முனைகளிலும், வந்துபோகும் பாக்கெட்களைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டுக் காத்திருந்தோம். 5.20 மணிக்கு அகப்பட்டது. அப்ளிகேஷன் சர்வரின் பக்கம்: கோரிக்கை போகிறது, 0.2 நொடி கழித்து அதே பாக்கெட், பிறகு 0.4, 0.8, 1.6, 3.2. கேஷ் நோடின் பக்கம்: அந்த இணைப்பின் பெயரில் எதுவுமே இல்லை. ஒரு பாக்கெட்கூட வந்து சேரவில்லை. இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்ததால்தான் இது தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் எடுத்திருந்தால், நோட் பதில் தரவில்லை என்று மறுபடியும் கேஷ் குழுவின் மேல் பழி போட்டிருப்போம்.

நடுவில் இருந்தது ஒரு ஃபயர்வால், வலையமைப்பின் காவல்காரன். வலையமைப்புக் குழுவிடம் கேட்டோம். 30 நிமிடம் சும்மா கிடக்கும் இணைப்பை அது தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடும், இரு பக்கத்துக்கும் சொல்லாது, பிறகு வரும் பாக்கெட்களை ஓசையின்றிக் கைவிடும். பகலில் எந்த இணைப்பும் 30 நிமிடம் சும்மா கிடப்பதில்லை. இரவில் கிடக்கும். எங்கள் இணைப்புத் தொகுப்பு கடைசியாக வைத்ததையே முதலில் எடுக்கும். ஆகவே இரவின் சிறிய போக்குவரத்தை மேலே இருக்கும் சில இணைப்புகளே சமாளித்துவிட, அடியில் கிடந்தவை ஒவ்வொன்றாகச் செத்தன. விடியலில் போக்குவரத்து ஏற ஏற, தொகுப்பு அடிவரை கையை விட்டு, செத்த இணைப்பை எடுத்துக் கொடுத்தது.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் தவறு. கிளையன்ட் நூலகத்தின் மேல் நாங்களே எழுதியிருந்த மேலடுக்கு, டைம்அவுட்டைத் தற்காலிகத் தடங்கல் என்று கருதி, அந்த இணைப்பை மூடாமல் தொகுப்பிலேயே திருப்பி வைத்தது. கடைசியாக வைத்ததுதானே முதலில் வரும்? அடுத்த முயற்சிக்கும் அதே செத்த இணைப்புதான் கிடைத்தது. மூன்று மறுமுயற்சிகளும் ஒரே பிணத்தைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தன. பயனர் மறுபடி அழுத்தியபோது கோரிக்கை வேறு சர்வருக்குப் போனதால் வேலை செய்தது. மறுதொடக்கத்துக்குப் பிறகு வந்த அமைதியும் விளங்கியது: எல்லா இணைப்புகளும் அப்போது புதியவை.

ரெடிஸில் டிசிபி கீப்அலைவ் என்று ஓர் அமைப்பு உண்டு. 3.2.1 பதிப்பிலிருந்து அதன் இயல்பு மதிப்பு 300 நொடி. அது இருந்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சிறு பாக்கெட் போய் ஃபயர்வாலை விழிப்பாக வைத்திருக்கும். எங்கள் நோட்களில் அது 0. பதிப்பு புதியது, ஆனால் அமைப்புக் கோப்பு பழைய பதிப்பிலிருந்து அப்படியே நகலெடுத்தது. லினக்ஸின் சொந்த கீப்அலைவ் உதவியிருக்குமா என்றால், அதை நிரல் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினாலும் முதல் சோதனை 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

நோட்களில் கீப்அலைவை 60 நொடியாக்கினோம். கிளையன்ட் பக்கமும் இயக்கினோம். ஒப்புதல் வராத இணைப்பை 924 நொடிக்குப் பதில் 10 நொடியில் கைவிடும்படி டிசிபியின் பயனர் டைம்அவுட்டை அமைத்தோம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, டைம்அவுட் ஆன இணைப்பை மூடிவிடுவது.

இந்தக் கடைசித் திருத்தத்தை எழுதும்போது எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. செங்குத்துக் கோட்டு நோயில் பதில் தாமதமாக வந்ததல்லவா? டைம்அவுட் ஆன இணைப்பில், கேட்டவர் போன பிறகு அந்தப் பதில் வந்து சேர்ந்தால், அடுத்து அதே இணைப்பை எடுத்தவர் கையில் முந்தையவரின் தரவு கிடைக்கும். 2023 மார்ச்சில் சாட்ஜிபிடி சேவையில் சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்து, சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டதற்குக் காரணமும், பாதியில் ரத்தான கோரிக்கையின் பதில் ரெடிஸ் பைத்தான் நூலகத்தின் இணைப்பில் தங்கிவிட்டதுதான் என்று அதை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனமே அறிவித்திருந்தது. எங்கள் மேலடுக்கு, இணைப்பை எடுக்கும் முன் மிச்சம் கிடக்கும் பதிலைக் கொட்டிவிடும். அது போதும் என்று நினைத்திருந்தோம். எடுத்த பிறகு அந்தப் பதில் வந்து சேர்ந்தால்? பழைய லாகில் தேடினேன். "அடையாளம் பொருந்தவில்லை" என்று ஒன்பது வரிகள். ஒவ்வொரு மதிப்புக்குள்ளும் அதன் உரிமையாளரின் எண்ணை எழுதி வைத்து, படிக்கும்போது சரிபார்க்கும் வழக்கத்தை முன்னாள் சக ஊழியர் ஒருவர் புகுத்தியிருந்தார். அந்த ஒன்பது முறையும் தவறான தரவு பயனரை அடையாமல் நின்றது அவரால்தான். அன்றே அவரை அழைத்து நன்றி சொன்னேன்.

திருத்தங்களைச் சோதிக்க, சோதனைச் சூழலில் லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸ் கொண்டு இணைப்பை வெட்டினோம். இங்கே ஒரு நுணுக்கம். இணைப்பை முறிக்கும் டிசிபி ரீசெட்டை அனுப்பும்படி ரிஜெக்ட் விதி எழுதினால் மறுப்பு உடனே வந்துவிடும், கிளையன்டும் அழகாகச் சமாளிக்கும், சோதனை தேறியதாகத் தோன்றும். எங்களைக் கொன்றது மௌனம். ஆகவே டிராப் விதிதான் எழுத வேண்டும். நோட் உறைவதைப் போலச் செய்து பார்க்க, டீபக் ஸ்லீப் கட்டளையால் அதை ஒரு நொடி தூங்க வைத்தோம். சோதனைச் சூழலில் மட்டும். இரண்டையும் வெளியீட்டுக்கு முந்தைய சோதனைகளில் நிரந்தரமாகச் சேர்த்தோம்.

வெளியிட்ட மறுநாள் விடியற்காலை நானும் அந்த இளைஞரும் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தோம். 4.50க்கு ஒரு டைம்அவுட் விழுந்தது. பழைய வரியைப் போலவே இருந்ததால் ஒரு கணம் மூச்சு நின்றது. அடுத்த வரி: இணைப்பு மூடப்பட்டது. அதற்கடுத்தது: புதிய இணைப்பு, 3 மில்லிநொடி. ஒரு மறுமுயற்சி, வெற்றி. காரணத்தைத் தேடினோம். அந்த நேரத்தில் நகல் நோட் ஒன்று பராமரிப்புக்குப் பிறகு முதன்மையிடமிருந்து முழுத் தரவையும் மறுபடி வாங்கிக்கொண்டிருந்தது. அதற்காக முதன்மை நோட் தன்னைப் பிரதியெடுத்த கணத்தில் விழுந்த தாமதம் அது. லாக் வரியில் நோட், கீ, இணைப்பின் வயது எல்லாம் இருந்ததால், இதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது.